நாயோடு வரும் வாடிக்கையாளரிடம் சான்று கேட்கலாமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். ஹூஸ்டன் பக்கம் சின்னதாக ஒரு சைவ உணவகம் நடத்துகிறீர்கள். மதிய பஃபே நேரத்தில் ஒரு பெண்மணி சின்ன நாய் ஒன்றோடு உள்ளே வந்தார். மாற்றுத்திறனாளிக்கு உதவப் பழக்கிய நாயைச் சேவை நாய் என்பார்கள். அப்படி எழுதிய மேலங்கி எதுவும் அந்த நாயின் மேல் இல்லை. கவுண்டரில் இருந்தவர் கேட்டதற்கு, இது சர்வீஸ் டாக் என்றார். அட்டையைக் காட்டச் சொன்னீர்கள். அப்படி ஒரு அட்டையே கிடையாது என்றார். அதற்குள் பக்கத்து மேசைக் குடும்பம் குழந்தைக்கு நாய் அலர்ஜி என்று முகம் சுளித்தது. வெளியே போட்டிருக்கும் மேசையில் உட்காருங்கள், சாப்பாட்டை அங்கேயே கொண்டுவருகிறோம் என்று சொன்னீர்கள். அவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். அது சட்டப்படி தப்பா, ஹெல்த் இன்ஸ்பெக்டர் வந்தால் யார் பதில் சொல்வது, அடுத்த முறை என்ன செய்வது என்று கேட்கிறீர்கள். இதற்கெல்லாம் அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது. காகிதம் எதுவும் பார்க்காமல் ஒருவர் வாய்வார்த்தையை எப்படி நம்புவது? உங்களை உறுத்துவது அதுதான் என்று நினைக்கிறேன். பெரும்பாலான கடைக்காரர்கள் சறுக்குவதும் அந்த இடத்தில்தான்.

மாற்றுத்திறனாளிகள் அணுகல் சட்டத்தைப் பற்றி உணவகம், மோட்டல், மளிகைக்கடை நடத்துபவர்களுக்கு ஆலோசனை சொல்வதும் அவர்களுடைய ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுப்பதும் பல வருடங்களாக என் தொழில். ஆனால் நான் உங்கள் வழக்கறிஞர் இல்லை. அன்று நடந்ததை உங்கள் தரப்பிலிருந்து மட்டும்தான் கேட்டிருக்கிறேன். அதனால் வழக்கு வருமா, வந்தால் யார் ஜெயிப்பார்கள் என்றெல்லாம் இங்கிருந்து சொல்ல முடியாது. விதி என்ன சொல்கிறது என்பதை மட்டும் தெளிவாகச் சொல்ல முடியும்.

சுற்றிவளைக்காமல் சொல்கிறேன். அட்டை கேட்டது தப்பு. வெளியே உட்காரச் சொன்னதும் தப்பு. நாய் சேவை நாயா என்று கேட்டதில் தப்பில்லை. ஆனால் அதற்குப் பிறகு கேட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்காமல், கேட்கவே கூடாத ஒன்றைக் கேட்டுவிட்டீர்கள்.

அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம், எல்லோரும் ஏடிஏ என்று சொல்வது, 1990 ஜூலை 26 அன்று கையெழுத்தானது. அதன் மூன்றாம் தலைப்பு என்ற பகுதி பொதுமக்களுக்குக் கதவு திறந்து வைத்திருக்கும் தனியார் வணிகங்களுக்கானது. உணவகம், ஹோட்டல், மளிகைக்கடை, தியேட்டர், டாக்டர் கிளினிக், சலூன் எல்லாம் இதில் வரும். இத்தனை ஊழியர்களுக்கு மேல் இருந்தால்தான் பொருந்தும் என்ற வரம்பு இந்தத் தலைப்பில் கிடையாது. கணவனும் மனைவியும் மட்டும் நடத்தும் இட்லிக் கடைக்கும் இதே விதிதான். பதினைந்து ஊழியர் கணக்கு என்று யாராவது சொல்லியிருந்தால், அது முதல் தலைப்பில், வேலைக்கு ஆள் வைப்பது பற்றிய பகுதியில் வருவது. வாடிக்கையாளருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சேவை விலங்கு யார் என்பதற்கான இன்றைய விளக்கம், அமெரிக்க அரசின் நீதித்துறை (நீதிமன்றம் அல்ல, டிபார்ட்மென்ட் ஆஃப் ஜஸ்டிஸ் என்ற அரசுத் துறை) 2010 இல் திருத்தி, 2011 மார்ச் 15 முதல் அமலுக்கு வந்த விதிகளில் இருக்கிறது. மாற்றுத்திறன் உள்ள ஒருவருக்காக ஒரு வேலையையோ பணியையோ செய்யத் தனியாகப் பயிற்றுவிக்கப்பட்ட நாய். அவ்வளவுதான். 1991 இல் வந்த முதல் விதிகளில் நாய் அல்லது வேறு விலங்கு என்று தளர்வாக இருந்ததால், குரங்கிலிருந்து ஊர்வன வரை எல்லாவற்றுக்கும் உரிமை கேட்கும் நிலை வந்தது. அதனால்தான் பிறகு நாய் மட்டும் என்று இறுக்கினார்கள். ஒரே ஒரு துணை விதி மட்டும் உண்டு. குட்டைக் குதிரை. தோளளவில் 24 முதல் 34 அங்குலம், எடை 70 முதல் 100 பவுண்டு இருக்கும் பயிற்சி பெற்ற குதிரையை உங்கள் இடத்தில் சமாளிக்க முடியுமா என்று பார்த்து, முடிந்தால் அனுமதிக்க வேண்டும். உங்கள் கடைக்குக் குதிரை வர வாய்ப்பு குறைவு. வந்தால் திகைக்காமல் இருப்பதற்காகச் சொல்கிறேன்.

இந்த விளக்கத்தில் நாயின் இனம், அளவு, நிறம் எதுவும் இல்லை. லாப்ரடாரும் ஜெர்மன் ஷெப்பர்டும்தான் சேவை நாய்கள் என்ற எண்ணம் நம்மில் பலருக்கு இருக்கிறது. சட்டத்துக்கு அந்த எண்ணம் இல்லை. பிட்புல் இருக்கலாம், கைக்குள் அடங்கும் நாயும் இருக்கலாம். சர்க்கரை திடீரென்று இறங்கும்போது ஒருவரின் உடல் வாசனையில் வரும் மாற்றத்தை முகர்ந்து எச்சரிக்கும் வேலைக்குப் பெரிய நாய் தேவையில்லை. அது நடப்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். அதுவரை மேசைக்கு அடியில் சுருண்டு படுத்திருந்த நாய் எழுந்து, தன்னை வைத்திருப்பவரின் முழங்காலில் முன்னங்காலை வைத்துத் தட்டும். அவர் பேச்சை நிறுத்தாவிட்டால் மறுபடியும் தட்டும், மூக்கால் கையை முட்டும். அவர் பையைத் திறந்து மீட்டரைப் பார்த்து, ஒரு ஜூஸ் டப்பாவை எடுத்துக் குடித்த பிறகுதான் திரும்பப் போய்ப் படுக்கும். இதெல்லாம் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். பக்கத்து மேசைக்காரர் அதைக் கவனித்திருந்தால், நாய் சாப்பாடு கேட்டு நச்சரிக்கிறது என்றுதான் நினைத்திருப்பார்.

மேலங்கி, பட்டை, அடையாள அட்டை எதையும் சட்டம் கட்டாயமாக்கவில்லை. அரசாங்கம் சேவை நாய்களைப் பதிவு செய்வதும் இல்லை, சான்றிதழ் கொடுப்பதும் இல்லை. இணையத்தில் காசு கொடுத்தால் பிளாஸ்டிக் அட்டை, பதிவு எண், மேலங்கி என்று ஒரு பெட்டியாக அனுப்பிவைக்கும் கடைகள் நிறைய உண்டு. அவை எந்த உரிமையையும் தருவதில்லை என்று நீதித்துறையே எழுதிவைத்திருக்கிறது. ஆகவே அட்டை காட்டுபவர்தான் உண்மையானவர், காட்டாதவர் ஏமாற்றுகிறார் என்று நீங்கள் எடுத்துக்கொண்டால், பல சமயம் நிலைமை அதற்கு நேர்மாறாக இருக்கும். விதி தெரிந்தவர் அட்டை வாங்கியே இருக்க மாட்டார். உங்கள் வாடிக்கையாளர் அப்படி ஒரு அட்டையே கிடையாது என்று சொன்னது சரியான பதில். நாயைப் பயிற்சி நிலையத்தில்தான் பழக்கியிருக்க வேண்டும் என்றும் இல்லை. வீட்டிலேயே சொந்தமாகப் பழக்கிக்கொள்ள மாற்றுத்திறனாளிகளுக்கு உரிமை உண்டு.

அப்படியானால் என்னதான் கேட்கலாம்? இரண்டு கேள்விகள். மாற்றுத்திறன் காரணமாகத் தேவைப்படும் சேவை நாயா இது? என்ன வேலை செய்ய இதைப் பழக்கியிருக்கிறீர்கள்? இந்த இரண்டு மட்டும்தான். அதுவும் பார்த்தாலே தெரியாதபோதுதான் கேட்கலாம். பார்வையற்ற ஒருவர் கைப்பிடி கட்டிய நாயைப் பிடித்துக்கொண்டு வந்தாலோ, நாய் ஒருவரின் சக்கர நாற்காலியை இழுத்து வந்தாலோ இந்தக் கேள்விகளும் வேண்டாம், வாங்க என்று அழைத்து உட்காரவைக்க வேண்டியதுதான். உங்களுக்கு என்ன நோய் என்று கேட்கக் கூடாது. டாக்டர் கடிதம் கேட்கக் கூடாது. எங்கே, செய்துகாட்டச் சொல்லுங்கள் பார்க்கலாம் என்று நாயைச் சோதிக்கக் கூடாது.

இரண்டாவது கேள்விக்கு வரும் பதிலைத்தான் கவனமாகக் கேட்க வேண்டும். சர்க்கரை குறைந்தால் எச்சரிக்கும், வலிப்பு வந்தால் பக்கத்திலிருந்து பாதுகாக்கும், கீழே விழுந்த பொருளை எடுத்துக் கொடுக்கும், நடக்கும்போது தடுமாறினால் தாங்கிக்கொள்ளும், அழைப்பு மணி கேட்காதவருக்குத் தொட்டுச் சொல்லும், மருந்து நேரத்தை நினைவூட்டும். இவையெல்லாம் பணிகள். கூட இருந்தால் மனசுக்கு ஆறுதல், அது இல்லாமல் எனக்கு இருக்க முடியாது என்பது பணி ஆகாது. அப்படிப்பட்டவை உணர்வுத் துணை விலங்குகள். அவற்றை உள்ளே விட வேண்டும் என்று ஏடிஏ சொல்லவில்லை. டாக்டர் கடிதமே கொண்டுவந்தாலும் உணவகத்தைப் பொறுத்தவரை அது மாறாது.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. மன நலப் பிரச்சினைக்காக வைத்திருக்கும் நாய் எல்லாம் துணை விலங்கு என்று நினைத்துவிடாதீர்கள். போரில் இருந்து திரும்பிய ஒருவருக்குப் பதற்றம் வரப்போவதை உணர்ந்து, அதைத் தணிக்கக் குறிப்பிட்ட ஒரு செயலைச் செய்யும்படி பழக்கியிருந்தால் அது முழுச் சேவை நாய். அதே நாய் வெறுமனே மடியில் இருப்பதால் அவருக்கு நிம்மதி என்றால் சேவை நாய் இல்லை. பழக்கிய செயல் ஒன்று இருக்கிறதா என்பதுதான் கோடு. அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று சொல்ல முடியாத பதில்களும் வரும். நீதிமன்றங்களே இதில் ஒரே மாதிரி தீர்ப்புச் சொன்னதில்லை. என் ஆலோசனை, கவுண்டரில் நிற்கும் இருபது வயதுப் பையன் அந்தத் தீர்ப்பைச் சொல்ல வேண்டாம் என்பதுதான். பதில் ஒரு பணியைப் போலத் தோன்றினால் உள்ளே விடுங்கள். வழக்கு என்று வந்தால், நாயை எதற்கு, எப்படிப் பழக்கினார் என்று காட்ட வேண்டிய பொறுப்பு நீதிமன்றத்தில் வழக்குப் போட்டவருக்கு இருக்கிறது. வாசலில் நீங்கள் கேட்கக் கூடாத ஆதாரத்தை அங்கே நீதிபதி கேட்பார்.

ஏன் காகிதம் கேட்கக் கூடாது என்று சட்டம் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறது என்று பலரும் எரிச்சலோடு கேட்கிறார்கள். சேவை நாய் வைத்திருப்பவர்கள் இடத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். நீங்களும் நானும் ஒரு நாளில் பால் வாங்க ஒரு கடை, காபிக்கு ஒரு கடை, பிள்ளையின் பள்ளி, வங்கி, டாக்டர் என்று ஏறி இறங்குகிறோம். ஒவ்வொரு கதவிலும் மருத்துவக் கோப்பைத் திறந்து காட்டு என்றால் என்ன ஆவோம்? 1929 இல் டென்னசி மாநிலம் நாஷ்வில்லில் அமெரிக்காவின் முதல் வழிகாட்டி நாய்ப் பள்ளி தொடங்கியது. சீயிங் ஐ என்று பெயர். இப்போது நியூஜெர்சி மோரிஸ்டவுனில் இருக்கிறது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான மோரிஸ் ஃபிராங்க் பார்வையற்றவர். பட்டி என்ற தன் நாயோடு நாடெங்கும் போய், உணவகத்திலும் ரயிலிலும் இடம் கேட்டுப் பேசிப் பேசித்தான் கதவுகள் திறந்தன. வாயிற்படியில் நின்று நியாயம் பேச வேண்டிய அந்த நிலை இனி யாருக்கும் வரக் கூடாது என்றுதான் விதி இப்படி எழுதப்பட்டிருக்கிறது. இதை நான் மனதார ஆதரிக்கிறேன்.

இனி உங்கள் பக்கத்து மேசைக் குடும்பம். அலர்ஜியும் பயமும் சேவை நாயோடு வந்தவரை மறுக்கக் காரணம் ஆகாது. நீதித்துறையின் வழிகாட்டுதல் இதை நேரடியாகவே சொல்கிறது. அதற்காக அந்தக் குழந்தையை விட்டுவிடுங்கள் என்று அர்த்தமில்லை. இருவரையும் தள்ளித் தள்ளி உட்காரவையுங்கள். அலர்ஜி என்று சொன்னவர்களிடம்தான் போய், உங்களுக்கு அந்தப் பக்கம் நல்ல மேசை தருகிறேன் என்று சொல்ல வேண்டும். நாயோடு வந்தவரை வெளியே அனுப்புவதும், கழிப்பறைக்குப் பக்கத்து மேசையில் ஒதுக்குவதும் மற்ற வாடிக்கையாளர்களைவிட அவரைக் குறைவாக நடத்துவது. நீங்கள் வெளி மேசையைக் காட்டியதில் கெட்ட எண்ணம் இல்லை என்பது எனக்குப் புரிகிறது. ஆனாலும் ஹாலில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க ஒருவரை வெளியே போகச் சொல்வதுதான் இந்தச் சட்டம் தடுக்க நினைத்த அவமானம்.

சைவ உணவகம், சுவாமி படம் இருக்கிறது, மடி ஆசாரம் பார்க்கும் பெரியவர்கள் வருகிறார்கள் என்று நீங்கள் கேள்வியின் கடைசியில் தயங்கித் தயங்கி எழுதியிருந்தீர்கள். இதைக் கேட்டதற்கு நன்றி. நம்மில் பலரும் மனதில் வைத்துக்கொண்டு கேட்காமல் விடுவது இது. சாப்பிடும் இடத்தில் நாய் நுழைந்தால் விரட்ட வேண்டும் என்றுதான் நம் ஊரில் எல்லோரும் வளர்ந்தோம். ஆனால் கடை உரிமையாளரின் நம்பிக்கை, வணிகத்துக்கு விலக்கு தருவதில்லை. விலக்கு வழிபாட்டுத் தலத்துக்கும் மத அமைப்புக்கும் மட்டும். ஒரு கோவில் தன் வளாகத்தில் தானே அன்னதானமோ கேண்டீனோ நடத்தினால் ஏடிஏ மூன்றாம் தலைப்பு அதைத் தொடாது. அதே கோவில் தன் இடத்தை ஒரு தனியார் கேட்டரிங்காரருக்கு வாடகைக்கு விட்டால், அந்தக் கேட்டரிங்காரரின் உணவகத்துக்குச் சட்டம் பொருந்தும். மாநிலச் சட்டங்கள் கோவில்களை எப்படிப் பார்க்கின்றன என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். கோவில் நிர்வாகத்தில் இருப்பவர்கள் ஏடிஏ விலக்கை மட்டும் நம்பிவிடாமல் தங்கள் மாநிலத்தில் விசாரித்துக்கொள்வது நல்லது.

ஹெல்த் இன்ஸ்பெக்டர் பயம் தேவையே இல்லை. உணவு இருக்கும் இடத்தில் விலங்கு கூடாது என்று உள்ளூர் சுகாதார விதி சொன்னாலும், வாடிக்கையாளர்கள் போகும் இடங்களில் சேவை நாயை அனுமதிக்க வேண்டும் என்று ஏடிஏ சொல்கிறது. கூட்டாட்சிச் சட்டம்தான் மேலே. உணவு விதிகளுக்கு மாதிரியாக அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ வெளியிடும் ஃபுட் கோடு என்ற தொகுப்பும் சேவை விலங்குகளுக்கு இடம் கொடுத்தே எழுதப்பட்டிருக்கிறது. பஃபே வரிசையில் தட்டோடு வரும் வாடிக்கையாளரின் பக்கத்தில் நாய் நடந்து வரலாம். சமையலறைக்குள் வர முடியாது, அங்கே வாடிக்கையாளரே வருவதில்லையே. ஒன்றை மட்டும் ஊழியர்களிடம் அழுத்திச் சொல்லுங்கள். பரிமாறுபவர் நாயைத் தடவிக் கொடுக்கக் கூடாது. இது சுகாதாரத்துக்காகவும்தான், நாய் வேலையில் இருக்கிறது என்பதற்காகவும்தான். அதன் கவனம் சிதறினால் அதை நம்பி வந்தவருக்குத்தான் ஆபத்து.

இதுவரை உங்கள் கடமைகளையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். உங்களுக்கும் உரிமை இருக்கிறது, அதைப் பாதிப் பேர் தெரிந்துவைத்திருப்பதில்லை. நாய் கழுத்துவாரிலோ கைப்பிடியிலோ கட்டுப்பட்டு இருக்க வேண்டும். மாற்றுத்திறனாலோ நாயின் பணியாலோ வார் பிடிக்க முடியாதென்றால், குரலாலோ சைகையாலோ கட்டுக்குள் வைத்திருக்க வேண்டும். நாயை நாற்காலியில் உட்காரவைத்து மேசையிலிருந்து ஊட்டிவிட நீங்கள் இடம் கொடுக்க வேண்டியதில்லை. நாய் கட்டுக்கடங்காமல் போய், கொண்டுவந்தவரும் அதை அடக்க எதுவும் செய்யாவிட்டால், அல்லது உள்ளேயே அசுத்தம் செய்தால், நாயை வெளியே கொண்டுபோகச் சொல்லலாம். அது நிஜமான சேவை நாயாக இருந்தாலும் சொல்லலாம். யாராவது சீண்டியதால் ஒரு தடவை குரைத்தது என்பதைக் கட்டுக்கடங்காத நடத்தை என்று சொல்ல முடியாது. நிறுத்தாமல் குரைப்பது, மேசை மேசையாகத் திரிவது, அடுத்தவர் தட்டை முகர்வது, மற்றவர்கள் மேல் பாய்வது, பல்லைக் காட்டி உறுமுவது என்றால் வேறு கதை. அப்போதும் வெளியேறச் சொல்வது நாயைத்தான், ஆளை அல்ல. நாயை விட்டுவிட்டு நீங்கள் வந்து சாப்பிடலாம், அல்லது பார்சல் கட்டித் தருகிறோம் என்று கட்டாயம் சொல்ல வேண்டும்.

போலிகளைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள். போலிகள் உண்டு, மறுக்கவில்லை. அவர்களால் அதிகம் பாதிக்கப்படுவதும் உண்மையான சேவை நாய் வைத்திருப்பவர்கள்தான். பழக்காத நாய் ஒன்று பாய்ந்து கடித்துவிட்டால், பல வருடம் பழகிய ஒரு வழிகாட்டி நாய் பயந்துபோய் வேலையே செய்ய முடியாமல் ஆகிவிடலாம். டெக்சாஸில் சேவை நாய் என்று பொய் சொல்லி நாயை உள்ளே கொண்டுவருவது குற்றம். 2023 செப்டம்பர் முதல் அபராதம் 1,000 டாலர் வரை, கூடவே 30 மணி நேரச் சமூக சேவை. கலிஃபோர்னியாவிலும் ஃபுளோரிடாவிலும் இதேபோல் தண்டனை உண்டு. ஆனால் அந்தச் சட்டத்தைக் காட்டி வாசலில் விசாரணை நடத்தும் அதிகாரம் கடைக்காரருக்குக் கிடையாது. நீங்கள் பார்க்க வேண்டியது நாயின் நடத்தையை. மேசைக்கு அடியில் படுத்துக்கொண்டு, தரையில் விழுந்த வடைத் துண்டைக்கூடத் திரும்பிப் பார்க்காத நாயால் உங்களுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. தட்டில் வாய் வைக்கிற நாயை வெளியே அனுப்ப அது போலியா நிஜமா என்று தெரியவே தேவையில்லை. வாய்வார்த்தையை எப்படி நம்புவது என்று கேட்டீர்களே, சட்டம் கொடுத்திருக்கும் விடை இதுதான். இரண்டு பதில்களைக் கேட்டுக்கொள்ளுங்கள், அதற்கு மேல் நாய் எப்படி நடந்துகொள்கிறது என்று பாருங்கள்.

பழகிக்கொண்டிருக்கும் குட்டி நாய் வந்தால்? ஏடிஏ பயிற்சி முடிந்த நாயைத்தான் காக்கிறது. ஆனால் டெக்சாஸ் உள்பட பல மாநிலங்களின் சட்டம், பயிற்சியில் இருக்கும் நாயோடு பயிற்சியாளர் வருவதையும் அனுமதிக்கிறது. யார் பயிற்சியாளர் என்பதற்கு ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு விளக்கம் வைத்திருக்கிறது. நீங்கள் டெக்சாஸில் இருப்பதால் அனுமதித்துவிடுவதே பாதுகாப்பு.

பண விஷயம். சேவை நாய்க்காகக் கூடுதல் கட்டணமோ முன்பணமோ வாங்கக் கூடாது. நாய் எதையாவது உடைத்துவிட்டால், மற்ற வாடிக்கையாளர்கள் உடைத்தால் வாங்குவது போல வாங்கலாம். இதைப் படிக்கும் மோட்டல்காரர்கள் யாராவது இருந்தால் அவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். செல்லப் பிராணிக் கட்டணம் சேவை நாய்க்குக் கிடையாது, அறையில் முடி உதிர்ந்தது என்று துப்புரவுக் கட்டணமும் போட முடியாது, செல்லப் பிராணிகளுக்கென்று ஒதுக்கிய அறையைத்தான் எடுக்க வேண்டும் என்றும் சொல்ல முடியாது. அதே சமயம் விருந்தினர் நாயை அறையில் தனியாக விட்டுவிட்டு ஊர் சுற்றப் போகவும் முடியாது. வாடகை வீட்டுக்கும் விமானத்துக்கும் வேறு வேறு சட்டங்கள். வீட்டு வசதிச் சட்டத்தில் உணர்வுத் துணை விலங்குக்கும் இடம் உண்டு. விமானத்தில் 2021 முதல் நாய் மட்டும்தான் சேவை விலங்கு, விமான நிறுவனம் படிவமும் கேட்கலாம். உங்கள் வாடிக்கையாளர்களில் யாராவது ஏர்லைனில் காகிதம் கேட்டார்களே, நீங்கள் ஏன் கேட்கக் கூடாது என்று குழப்பினால், காரணம் இதுதான். உபேர், டாக்சி ஓட்டும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. கார் சொந்தக் கார்தானே என்று சேவை நாயோடு நிற்பவரை விட்டுவிட்டுப் போக முடியாது. பார்வையற்றோர் தேசியக் கூட்டமைப்பு இதற்காக உபேர் மேல் வழக்குப் போட்டு, 2016 இல் சமரச ஒப்பந்தம் ஆனது.

இப்போது நீங்கள் பயப்படும் விஷயம், வழக்கு. ஏடிஏ மூன்றாம் தலைப்பின்கீழ் தனிநபர் போடும் வழக்கில் நஷ்டஈடு கிடைக்காது. நடைமுறையை மாற்று என்ற நீதிமன்ற உத்தரவும் வக்கீல் செலவும்தான் கிடைக்கும். அந்த வக்கீல் செலவே ஒரு சின்னக் கடைக்குப் பெரிய தொகை ஆகிவிடலாம். நீதித்துறை தானே நடவடிக்கை எடுத்தால் அபராதம் உண்டு. 2014 இல் முதல் மீறலுக்கு 75,000 டாலர் வரை என்று இருந்தது, விலைவாசிக்கு ஏற்ப உயர்ந்து இப்போது ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. இந்த எண்ணைப் பார்த்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள், அது உச்ச வரம்பு. சிறு வணிகங்களில் ஒரே ஒரு சம்பவம் என்றால் பெரும்பாலும் எழுத்தில் கொள்கை வைப்பது, ஊழியர்களுக்குப் பயிற்சி தருவது, சில சமயம் பாதிக்கப்பட்டவருக்கு ஒரு தொகை கொடுப்பது என்று சமரசத்தில் முடிவதைத்தான் பார்த்திருக்கிறேன். மாநிலச் சட்டம் தனி. டெக்சாஸில் மறுக்கப்பட்டவருக்குக் குறைந்தது 300 டாலர் இழப்பு ஏற்பட்டதாகச் சட்டமே எடுத்துக்கொள்கிறது. கலிஃபோர்னியாவில் கடை வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் கடுமை, அங்கே உன்ரூ என்ற மாநிலக் குடியுரிமைச் சட்டப்படி ஒவ்வொரு மீறலுக்கும் குறைந்தது 4,000 டாலர்.

ஆகவே இந்த வாரமே செய்ய வேண்டியது என்னவென்றால், அரைப் பக்கத்தில் ஒரு கொள்கையை எழுதி, அந்த இரண்டு கேள்விகளையும் அப்படியே அச்சடித்து கல்லாவுக்குப் பின்னால் ஒட்டுங்கள். வார இறுதியில் மட்டும் வரும் மாணவர்கள் உள்பட எல்லா ஊழியர்களிடமும் ஒரு தடவை வாயால் சொல்லிப் பழக்குங்கள். கேள்வியைத் தணிந்த குரலில், அருகில் போய், புன்னகையோடு கேட்க வேண்டும். ஹாலின் அந்தப் பக்கத்திலிருந்து கத்திக் கேட்டால் கேள்வி சரியாக இருந்தும் பயனில்லை. வாசலில் நாய்களுக்கு அனுமதி இல்லை என்ற பலகை இருந்தால், சேவை நாய்கள் நீங்கலாக என்று சேர்த்து எழுதிவிடுங்கள்.

அந்தப் பெண்மணியைப் பற்றி. முன்பதிவிலோ பார்சல் ஆர்டரிலோ அவர் எண் உங்களிடம் இருந்தால், நீங்களே கூப்பிட்டு, எங்கள் ஊழியர்களுக்கு விதி சரியாகத் தெரியவில்லை, இப்போது சொல்லிக்கொடுத்துவிட்டோம், மறுபடி வாருங்கள் என்று சொல்லுங்கள். அவர் உடல்நிலையைப் பற்றியோ நாயைப் பற்றியோ அப்போதும் எதுவும் கேட்க வேண்டாம். இணையத்தில் அவர் விமர்சனம் எழுதியிருந்தால் அதற்குக் கீழே வாதாட வேண்டாம். வக்கீல் நோட்டீஸ் ஏற்கனவே வந்துவிட்டது என்றால் இந்த அழைப்பையும் செய்யாதீர்கள், நோட்டீஸை உங்கள் வக்கீலிடமும் கடையின் காப்பீட்டு நிறுவனத்திடமும் கொடுத்து, அவர்கள் சொல்கிறபடி நடந்துகொள்ளுங்கள். விதியில் வேறு சந்தேகம் இருந்தால் நீதித்துறையின் ஏடிஏ தகவல் எண் 800-514-0301. கடைக்காரர்களும் கூப்பிடலாம், கட்டணம் இல்லை, பேசியதை ரகசியமாக வைத்துக்கொள்வார்கள்.